பொறியும் புலமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இயந்திரங்களின் பெருக்கம் மனிதரின் படைப்பாற்றலுக்கும் கலைகளுக்கும் கேடாகுமா?" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இஃது அவையை நிரப்புதற்கென எடுத்த பொருளன்று. நம்மிடையே பெற்றோர் பலர் இக்காலத்துக் கேட்டுவரும் வினாவே இது. படம் வரைவதில் விருப்பமுடைய மகளை ஓவியக் கல்லூரியிற் சேர்க்கலாமா, இசையிற் பழகிய மகனை அத்துறையிலேயே விடலாமா, தமிழிலக்கியம் படிப்பேன் என்னும் பிள்ளையைத் தடுப்பதா விடுப்பதா என்று எம்மிடம் வந்து கேட்கின்றனர். "இவையெல்லாவற்றையும் பொறியே ஒரு நொடியிற் செய்துவிடுகின்றதே, ஐயா! இவன் படித்து என்ன செய்யப் போகின்றான்?" என்பது அவர்தம் கவலை. பிள்ளைகளின் வாழ்வைப் பற்றிய கவலையாதலின், இதற்கு அலங்கார வார்த்தைகளால் விடை கூறுதல் தகாது. நடந்த செய்திகளை முன்வைத்து, எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு ஆராய முற்படுகின்றோம். குற்றங் களைந்து குணங் கொள்வீர்களென்று நம்புகின்றோம்.

முதற்கண் 'பொறி' என்னுஞ் சொல்லை நோக்குவோம். ஐம்பொறி என்னுமிடத்து அது மெய், வாய், கண், மூக்கு, செவி என்பவற்றைக் குறிக்கும். தீப்பொறி என்னுமிடத்து நெருப்பின் துகளைக் குறிக்கும். எழுத்துப் பொறித்தான் என்னுமிடத்துப் பதித்தலைக் குறிக்கும். எலிப்பொறி என்னுமிடத்து அகப்படுத்துங் கருவியைக் குறிக்கும். இயந்திரத்துக்கும் அதுவே பெயர். அறிதற்கு வாயிலாவதும், ஒளியைத் தருவதும், உள்ளே புகுந்தாரை அகப்படுத்துவதும் ஆகிய எல்லாம் ஒரு சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. ஆகலின் பொறி என்றவுடன் அஞ்சுதலும் வேண்டா, களித்தலும் வேண்டா. அது நம்மிடம் எவ்வடிவில் வந்திருக்கின்றதென்று காண்டலே அறிவுடைமை.

இப்பொருளில் இருதிறத்தார் வாதம் புரிகின்றனர். இயந்திரம் வந்தது, கலை செத்தது என்பார் ஒருதிறத்தார். எத்தனையோ இயந்திரங்கள் வந்தன, கலை எங்கும் போய்விடவில்லை, ஆகவே இப்பொழுதும் ஒன்றுங் கெடாது என்பார் மற்றொரு திறத்தார். இவ்விருவர் கூற்றிலும் பாதி உண்மையே உளதென்பது எம் கருத்து. அதனை நான்கு செய்திகளால் விளக்குவோம்.

முதலாவது, ஏடும் அச்சும். நம் நூல்கள் பன்னூறாண்டு பனையோலையில் வாழ்ந்தன. ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். செல்லும் பூச்சியும் அரிக்குமாதலால், காலந்தோறும் பெயர்த்தெழுதாவிடின் நூல் இறந்துபடும். இக்காரணங்களாற் கல்வி பெரிதும் நினைவையே சார்ந்து நின்றது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன், எண்சுவடியையும் நிகண்டையும் நெட்டுருச் செய்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) செய்யுட்களை மனத்திலே அமைத்து வாயாற் சொல்லிச் செல்ல, மாணாக்கர் அவற்றை ஏட்டில் எழுதிக்கொண்டனர் என்பது யாவரும் அறிந்ததே.

தமிழெழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. ஆயினும், அச்சகங்களின் மேலிருந்த தடை 1835-இல் நீங்கிய பின்னரே நம்மவர் கையில் அச்சுப்பொறி பெருகலாயிற்று. அதன் பயன் யாது? 1887-இல் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அவ்வாண்டிலேயே உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டார்கள். 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. அச்சுப்பொறி இல்லையேல் இவற்றுட் சில செல்லுக்கு இரையாகியிருத்தல் கூடும். எஞ்சியவையும் சில மடங்களின் பெட்டிகளுக்குள்ளேயே இருந்திருக்கும். இன்று ஏழைச் சிறுவனொருவன் பள்ளி நூலகத்திற் புறநானூற்றைக் கையிலெடுத்துப் படிக்கின்றான் என்றால், அஃது இயந்திரம் செய்த நன்றியாகும்.

இழந்தது யாதொன்றும் இல்லையோ எனின், உண்டு. ஒரே பொழுதில் நூறு செய்திகளை மனத்தில் இருத்தி விடையிறுக்கும் சதாவதானத்தைச் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907-இல் சென்னையில் நிகழ்த்திக் காட்டினார். அத்தகைய அவதானியார் இன்று மிக அரியர். நூல் கைக்கெட்டும் இடத்திலிருக்கும்பொழுது நெஞ்சில் ஏற்றுவார் யார்? புலமை அழியவில்லை, புலமைக்கு ஏணியாயிருந்த ஒரு பயிற்சி தேய்ந்தது. ஊதியம் பெரிதாயிருந்தமையின் இழப்பை எவரும் கணக்கில் எழுதவில்லை.

இரண்டாவது, ஓவியமும் நிழற்படமும். 1839-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டவராகிய தாகேர் என்பார் கண்ட நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கைக்கடக்கமான சிறிய உருவப் படங்களை எழுதி விற்றுப் பிழைத்த ஓவியர்க்கு ஐரோப்பாவில் அது பேரிடியாயிற்று. முகத்தை உள்ளவாறே காட்டும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டமையின், அவருட் பலர் தொழிலிழந்தனர். சிலர் நிழற்படங்களுக்கு வண்ணந் தீட்டுவாராயினர். வேறு சிலர் தாமே நிழற்படம் எடுப்பாராயினர். ஆயின் ஓவியக்கலை அத்துடன் மாண்டதோ? இல்லை. உள்ளவாறு காட்டுங் கடமை நீங்கியவுடன், கண்ணுக்கு ஒளி எவ்வாறு தோன்றுகின்றது, கணந்தோறும் எவ்வாறு மாறுகின்றது என்று எழுதிக் காட்டும் புதுநெறியை மோனே முதலிய இளைஞர் கண்டனர். 1874-இல் அவர்கள் பாரிசு நகரில் தம் முதற் கண்காட்சியை நடத்தினர். நடத்திய இடம் யாதெனின், பெயர்பெற்ற நிழற்படக்காரர் ஒருவர் முன்னர்த் தொழில்நடத்திய கூடமேயாம்! பகையென்று கருதப்பட்டதன் வீட்டிலேயே புதிய ஓவியம் பிறந்தது. ஆனால் இதையும் மறத்தலாகாது: 1874-இல் ஓவியம் புத்துயிர் பெற்றது என்னுஞ் செய்தி, அதற்கு முப்பதாண்டுகட்கு முன் பிழைப்பிழந்த சிற்றோவியன் வீட்டு அடுப்பை எரிக்கவில்லை. கலை பிழைத்தலும் கலைஞன் பிழைத்தலும் வெவ்வேறு செய்திகளாம்.

மூன்றாவது, இசையும் இசைத்தட்டும். எடிசன் 1877-இல் ஒலியைப் பதியுங் கருவியைச் செய்தார். 1902-இல் கல்கத்தாவுக்கு வந்த கிராமபோன் கம்பெனியார் நம் நாட்டு இசையைத் தட்டில் ஏற்றத் தொடங்கினர். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடமே ஓடும். ஒரு மணிநேரம் இராகத்தை விரித்துப் பாடும் வித்துவான், அதனைச் சிமிழில் அடைப்பதுபோல் அடைக்க வேண்டியவரானார். எனினும் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையவர்களின் தோடியை, அவரை ஒருநாளும் நேரிற் காணாதார் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டு இன்புற்றனர். அவர் 1956-இல் மறைந்த பின்னரும் அத்தோடி நமக்குக் கிடைப்பது கருவியாலன்றோ? ஒலிபெருக்கி வருமுன் கடைசி வரிசையில் இருப்பார்க்கும் கேட்கவேண்டி உச்சச் சுருதியிற் பாடவேண்டியிருந்தது. அது வந்தபின், தாழ்ந்த சுருதியில் நுண்ணிய கமகங்களைக் காட்டுதலும் இயல்வதாயிற்று. இவை நன்மைகள்.

ஆயினும் அமெரிக்க நாட்டில் இசைக்குழுத் தலைவராய் விளங்கிய ஜான் பிலிப் சூசா என்பார், 1906-ஆம் ஆண்டில் இயந்திர இசையைக் கண்டித்துக் கட்டுரை வரைந்தார். அவர் கூறியவற்றுள் இரண்டு செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டற்பாலன. ஒன்று, இசைப்பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகள் வாத்தியம் பயிலுதலை விட்டுவிடுவர் என்பது. மற்றொன்று, பாட்டை இயற்றினவனுக்கு ஒரு காசுங் கொடாமல் அவன் பாட்டை விற்கின்றனர் என்பது. இரண்டாவது குறைக்கு விரைவில் மருந்து கிடைத்தது. 1909-இல் அந்நாட்டார் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம், இயந்திரத்தாற் பாட்டைப் படியெடுத்து விற்பார் இயற்றினவனுக்கு உரிமைப்பணம் செலுத்த வேண்டுமென்று விதித்தது. பின்னர் 1942 ஆகஸ்டு முதல் நாளன்று அந்நாட்டு இசைவாணர் சங்கத்தார் தட்டுகளுக்கு வாசிக்க மாட்டோமென்று மறுத்துநின்றனர். 1944 நவம்பருக்குள் பெரிய கம்பெனிகளும் பணிந்தன. தட்டு விற்பனையினின்று ஒரு பங்கை ஒதுக்கி, அதனைக் கொண்டு பொதுமக்களுக்கு நேரடி இசை நிகழ்ச்சிகள் நடத்தி இசைவாணர்க்கு ஊதியம் தருவதென்று ஏற்பாடாயிற்று. கூடிநின்று கேட்டமையால் நியாயம் கிடைத்தது.

முதலாவது குறைக்கோ எனின், எச்சட்டமும் மருந்து தரவில்லை. வீட்டுக்கூடத்தில் உறவினர் கூடியிருந்து பாடும் வழக்கம் குறைந்துகொண்டே வந்தது. கேட்போர் பெருகினர், பாடுவோர் அருகினர். சட்டத்தால் காசை மீட்கலாம். பழக்கத்தை மீட்டல் அரிது.

நான்காவது, நாடகமும் திரைப்படமும். சங்கரதாச சுவாமிகள் (1867–1922) போன்ற ஆசிரியர்கள் சிறுவர்களைக் கொண்டு நாடகக் கம்பெனிகளை நடத்தினர். அங்கே பிள்ளைகள் பாட்டு, வசனம், அபிநயம், சிலம்பம் எல்லாம் பயின்றனர். அவ்வாழ்க்கையிற் பசியும் அடியும் உண்டு. அதனைப் பொற்காலமென்று யாம் போற்றவில்லை. எனினும் பயிற்சி கடுமையானது. 1931-இல் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வந்தபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் மெலிந்தன. மெலிவித்த திரைப்படமே பல ஆண்டுகள் அக்கம்பெனிகள் வளர்த்த பிள்ளைகளைக் கொண்டு வாழ்ந்தது. என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் முதலியோர் அவ்வழி வந்தவரே. அவ்வாறே, சுவர்போன்ற பெரிய திரைப்பட விளம்பரங்களைக் கையால் எழுதிய ஓவியர் சென்னையில் பலர் இருந்தனர். வடநாட்டில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் எம். எஃப். உசேனும் இளமையில் பம்பாயில் அத்தொழில் செய்தவரே. கணினியால் அச்சிடும் பிளெக்ஸ் பதாகை வந்தபின், சாரத்தின்மேல் நின்று பத்தடி முகத்தை எழுதக் கற்ற கைகளுக்கு வேலை அற்றுப்போயிற்று.

அன்பர்களே! இந்நான்கு செய்திகளையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இயந்திரம் கலையைக் கொன்றதாக எங்கும் காணோம். அது தாக்கிய இடங்கள் இரண்டே. ஒன்று, கலைஞனது பிழைப்பு. மற்றொன்று, கலை பயிலும் நாற்றங்கால். பயிர் நிற்கும் வயலைப் பார்த்து 'நன்றாயிருக்கின்றது' என்று மகிழ்பவன், நாற்றங்கால் வறண்டிருப்பதைக் காணத் தவறினால், அடுத்த போகத்தில் நடுதற்கு ஒன்றும் இராது. முன்னர்க் கூறிய இருதிறத்தாருள் கலை செத்தது என்பார் வயலைத் தவறாகப் பார்த்தனர். ஒன்றுங் கெடாது என்பார் நாற்றங்காலைப் பாராது விட்டனர்.

நிற்க. இனி இக்காலத்துப் பொறிக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டில், சொல்லாற் கேட்டால் படம் எழுதித் தரும் பொறிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாகாணச் சந்தையில், கணினி ஓவியப் பிரிவில், அவ்வாறு எழுதப்பெற்ற படமொன்று முதற்பரிசு பெற்றுப் பெரிய வாதத்தை எழுப்பிற்று. அவ்வாண்டு நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரைப்பொறி வந்தது. இத்தகைய உரைப்பொறிகள் வேலைசெய்யும் விதத்தை எளிமையாகக் கூறின், மனிதர் எழுதிய அளவிறந்த எழுத்துகளைப் பயின்று, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணக்கிட்டுக் கோத்துத் தருகின்றன எனலாம். பொறியின் பொருட்டென்றே எழுதிக்கொடுத்தவர் சிலரே. நம் முன்னோரும் நாமும் எழுதியவையே பெரும்பாலும் அதற்கு உணவு.

'பொறிக்குக் கவிதை வராது. அதற்கு உள்ளமில்லை' என்று நம்மவர் சிலர் அமைதியடைகின்றனர். யாம் அவ்வமைதியை நம்பவில்லை. வெண்பா இயற்றுகவென்றால் அது பல வேளைகளில் தளை தட்டுகின்றது. நாளை தட்டாமலும் போகலாம். அது செய்யமாட்டாது என்பதன்மேல் நம் காப்பைக் கட்டுவோமாயின், அது செய்யத் தொடங்கிய அன்றே நம் காப்பு இடிந்துவிடும். ஆகையால் வினாவை வேறுவகையாக எழுப்புவோம். முன்னிருந்த பொறிகளுக்கும் இதற்கும் வேற்றுமை யாது?

அச்சும் இசைத்தட்டும் முதிர்ந்தவர் செய்து முடித்ததைப் பன்மடங்காக்கின. புறநானூற்றை அச்சுப்பொறி எழுதவில்லை. தோடியைத் தட்டு பாடவில்லை. இப்புதிய பொறியோ, பயில்வான் செய்யவேண்டிய வேலையைத் தானே செய்கின்றது. அட்டைப்படம், விளம்பரப் பாட்டு, சிறு மொழிபெயர்ப்பு, செய்திக் குறிப்பு, வாழ்த்து மடல், பள்ளிக் கட்டுரை ஆகியனவே அது மிக எளிதிற் செய்வன. இவை பெரும்புலவரின் வேலையல்ல. இளைஞன் கைபழகுங்கால் நாலு காசு பெற்று வயிறு வளர்த்தற்கு உதவிய வேலைகள் இவையே. பொறி கோபுரத்தின்மேற் கைவைக்கவில்லை; படிக்கட்டின்மேற் கைவைக்கின்றது.

பிழைப்பைப் பற்றிய போராட்டம் இப்பொழுதும் நடந்துவருகின்றது. 2023-இல் அமெரிக்கத் திரைப்பட எழுத்தாளர் 148 நாள் வேலைநிறுத்தஞ் செய்தனர். பொறி எழுதியதை எழுத்தாளன் எழுத்துக்கு ஈடாக வைத்து அவனுடைய ஊதியத்தையும் பெயரையும் குறைத்தலாகாது என்பது அவர்கள் பெற்ற உடன்படிக்கையில் ஒரு கூறு. நம் நாட்டிலும் பாடகர் அரிஜித் சிங் தம் குரலைப் பொறியாற் போலிசெய்தலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்க்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. அதே ஆண்டில் 'லால் சலாம்' படத்துப் பாடலொன்றில், மறைந்த பாடகர்களாகிய சாகுல் அமீது, பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்கள் பொறியால் மீண்டும் ஒலித்தன. அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று உரிய பணமும் அளித்ததாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். இறந்தவர் குரலைப் பாடவைத்தல் தகுமா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். கேட்டுப் பெறுதலும் ஈடு கொடுத்தலும் கேளாது கவர்தலினும் நன்று என்பதில் வேற்றுமைக்கு இடமில்லை. 1909-இல் சூசா முதலியோர்க்குக் கிடைத்த நியாயம், இக்காலத்தாருக்கும் கூடிநின்று கேட்டாற் கிடைக்குமென்றே நம்புகின்றோம்.

எம்மை மிக வருத்துவது நாற்றங்காலைப் பற்றிய செய்தியே. அதனைக் காப்பார் நீதிபதியருமல்லர், சட்டமன்றத்தாருமல்லர், பெற்றோரும் ஆசிரியருமே. யாம் பள்ளியில் நாள்தோறும் காணும் ஒன்றை உரைக்கின்றோம். மழையைப் பற்றி வீட்டிலிருந்து கட்டுரை எழுதிவருக என்றால், வரும் தாள்களிற் பல பிழையின்றி இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன, ஒன்றற்கொன்று உடன்பிறந்தனபோலும் இருக்கின்றன. மழை உயிர்களின் அமுதம் என்று தொடங்கி, மழைநீரைச் சேமிப்போம் என்று முடிகின்றன. அதே பொருளை வகுப்பில் அமர்த்தி எழுதச் செய்தபொழுது, ஒரு சிறுமி எழுதிய தாளில் ஒற்றுப்பிழைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் ஒரு செய்தி இருந்தது: மழை தூறத் தொடங்கினால் அவள் பாட்டி கொடியில் உலரும் துணியை எடுக்க ஓடுவதில்லையாம், முதலில் வரட்டிக் குவியலை மூட ஓடுவாளாம். துணி நனைந்தால் நாளைக் காயும், வரட்டி நனைந்தால் இன்று சோறில்லை என்பாளாம்.

அவையீர்! அவ்வொரு செய்தியை எழுதுதற்கு அச்சிறுமி என்ன செய்தாள் என்று எண்ணிப் பாருங்கள். தன் வீட்டை நினைத்தாள். பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாள். பாட்டி ஏன் அவ்வாறு ஓடுகின்றாள் என்று காரணங் கண்டாள். அதற்குச் சொல் தேடினாள். தவறான எழுத்தையும் இட்டாள். இவ்வளவும் சேர்ந்ததே படைப்பாற்றல் என்பது. அது வானத்திலிருந்து ஒருநாள் விழுவதன்று. காணுதல், தேர்தல், தேடுதல், தடுக்கி விழுதல் என்னும் இவற்றைப் பல்லாண்டு செய்து பெறுவது. மணலைத் தோண்டுமளவே கிணற்றில் நீர் ஊறுதல்போலக் கற்குமளவே அறிவு ஊறும் என்றார் வள்ளுவர். ஓவியத்துக்குக் கையும் தமிழுக்கு நாவும் பழகவேண்டும் என்று ஔவை பெயரால் வழங்கும் தனிப்பாடலும் கூறும். பொறி நமக்கு நீரைக் குடத்தில் நிறைத்துத் தருகின்றது, தாகமும் தீர்கின்றது. ஆனால் தோண்டாத கேணி தூர்ந்துபோகும்.

'பெருக்கலுக்குக் கணக்கிடு கருவி வந்தபோதும் இவ்வாறே அஞ்சினர், கணிதம் அழிந்ததா?' என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். நல்ல தடையே. கணக்கிடு கருவி வந்தபின்னும் நாம் சிறுவர்க்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை என்பதை நினைக. முதலில் தலை கணக்கைக் கற்றது. பின்பு கருவி அதன் சுமையைக் குறைத்தது. இம்முறைவைப்பே வேண்டற்பாலது. கற்றவன் கையில் கருவி துணை. கல்லாதவன் கையில் அதுவே தடை. ஆகலின் பொறியை வீட்டைவிட்டுத் துரத்துகவென்று யாம் கூறவில்லை. துரத்தவும் இயலாது. கண்பார்வையற்றார்க்கு நூலைப் படித்துக் காட்டுதல், பிறமொழிச் செய்தியை நொடியில் அறிவித்தல், எழுதியதிற் பிழை காட்டுதல் போன்ற பல நன்மைகளை அது செய்கின்றது. எது முன், எது பின் என்பதே நம் கேள்வி.

இனி, நம் சங்கம் செய்யத்தக்கன சிலவற்றை வேண்டிக்கொள்கின்றோம்.

முதலாவதாக, சங்கம் நடத்தும் கட்டுரை, ஓவியப் போட்டிகளை இனி ஒரு கூடத்தில் அமர்த்தி, கைப்பேசியின்றி நடத்துதல் வேண்டும். பிழை மலிந்த தாளாயினும் சொந்தச் செய்தி உள்ள தாளுக்கே பரிசளித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, நம் கல்வி உதவி நிதி பெரும்பாலும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்குமே செல்கின்றது. அதில் ஒரு சிறு பகுதியையேனும் சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளிலும், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலும், இசைக் கல்லூரிகளிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்குதல் வேண்டும்.

மூன்றாவதாக, நம் இல்லத் திருமணங்களில் முகூர்த்த வேளையில் ஒலிபெருக்கியிற் பதிவு செய்த மங்கல இசையைப் போட்டுவிடும் வழக்கம் ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. பந்தல் அலங்காரத்துக்குச் செலவிடுவதிற் சிறிது குறைத்து, நாகசுரமும் தவிலும் வாசிப்பாரை அழைத்து மதித்து ஊதியம் அளியுங்கள். தாளம் போட வரும் சிறுவனே நாளைய வித்துவான் என்பதை மறவாதீர்கள்.

நான்காவதாக, இத்திங்களிதழின் அட்டையை நம் மாணவர் ஒருவர் கையால் எழுதிய படம் அணிசெய்க. அதற்கு ஒரு தொகையும் அளிக்கப்படுக. இதழுக்கு எழுதுவோர் பொறியின் துணை கொண்டிருப்பின், அதனை மறையாது கூறுக.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். எதை எழுதுவதாயினும் முதற்படியை நீங்களே எழுதுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். அதன்பின் வேண்டுமாயின் பொறியிடம் பிழை கேளுங்கள். அது சொல்வது சரியா என்று அகராதியையும் ஆசிரியரையும் கேளுங்கள். முதற்படியையே அதனிடம் கேட்பீராயின், உங்களுக்குரிய வருடங்களை அதற்குக் கொடுத்தவராவீர். அவ்வருடங்களால் அதற்கு ஒரு பயனும் இல்லை. உங்களுக்கோ அவை மீளா.

பெற்றோர்களே! கலை பயிலும் உங்கள் பிள்ளை அதனாலேயே செழிப்பாய் வாழ்வான் என்று உறுதிகூற எம்மால் இயலாது. இயந்திரம் இல்லாத காலத்திலும் புலவரும் பாணரும் வறுமையிற் பாடினர் என்பது நம் இலக்கியம் காட்டும் உண்மை. இவ்வளவு உறுதியாகக் கூறுவோம்: தன் கண்ணாற் கண்டு, தானே தேர்ந்து, தன் சொல்லால் உரைக்கப் பழகிய பிள்ளை எத்தொழிலுக்குச் சென்றாலும் பிறர் தருவதை ஏற்று விழுங்குபவனாயிரான். பொறி தந்ததையும் இது நன்று, இது தீது என்று பிரித்தறியும் திறம் அவனுக்கே வாய்க்கும். ஆகவே வரையும் பிள்ளையை வரைய விடுங்கள். பாடும் பிள்ளையைப் பாட விடுங்கள். பிழைப்புக்கு வேறொரு தொழிலையும் கற்பியுங்கள். ஆனால் அதன்பொருட்டு இதனைப் பிடுங்காதீர்கள்.

இயந்திரத்தாற் கலைக்குக் கேடு வருமா என்பது எமக்கு அளித்த வினா. இயந்திரத்தால் மட்டும் வாராது. நம் சோம்பலும் அதனோடு கூடினால் வரும் என்பது எம் விடை. 

வாழ்க கலைகள்! வளர்க நம் இளைஞர்!